கிணற்றை விட்டுக் கொடுத்தவன்

ஜனவரி 19, 1983

மூன்றாம் நம்பர் ரூமைப் பெருக்கப் போனவன் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். கட்டிலுக்கு அடியில் பெட்டி படுக்கை இல்லை. கல். பழைய பேப்பரில் சுற்றி, நம்பர் போட்டு, வரிசையாக. பெங்களூரிலிருந்து வந்திருக்கும் வேதாசலம் என்பவருடையது. ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலையாம்.

"இன்னா சார், திருத்தணிக்கு வர்றவங்க முடியக் குடுத்துட்டுப் போவாங்க. நீங்க மலையவே பேத்து எடுத்துக்கினு போறீங்களே, முருகருக்குத் தெரியுமா?" என்றேன்.

மனுஷன் சிரிக்கவில்லை. ஒரு கல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இது எப்படி உண்டானது என்று ஆரம்பித்துவிட்டார். இந்த லாட்ஜில் என்னிடம் வெந்நீர் கேட்டிருக்கிறார்கள், கூடுதல் பாய் கேட்டிருக்கிறார்கள். கல்லைப் பற்றிப் பேசிய முதல் ஆள் இவர்தான். கல்லுசாமி என்று பெயர் வைத்துவிட்டேன். மனசுக்குள்.

ஜனவரி 21

வெள்ளைக்கல் ஓடுகிற இடம் எங்கேயாவது தெரியுமா என்று கேட்டார். தெரியுமாவா! பொதட்டூர்பேட்டை ரோட்டில் எங்கள் நிலத்தில் பாதி அதுதான். நைனா விட்டுப்போனது. அண்ணன் கங்காதரனுக்கும் எனக்கும் பொதுவில் இருக்கிறது. ஒரு பக்கம் கிணறு, நெல், வேர்க்கடலை. மறு பக்கம் முள், வெள்ளைக்கல் மேடு. ஆடு கூட அந்தப் பக்கம் யோசித்துத்தான் போகும்.

சைக்கிள் கேரியரில் ஏற்றிக் கூட்டிப் போனேன். மேட்டின் மேல் படுத்த மாடு மாதிரி ஒரு பெரிய கல். எங்கேயாவது ஒரு துண்டு போதும் என்றார் சார். கொடுக்கிறதை நல்லதாகக் கொடுப்போமே என்று, கிழக்குப் பார்த்த பக்கம் குழந்தை கன்னம் மாதிரி வழுவழுவென்று இருந்த இடத்தில் சம்மட்டியை இறக்கினேன். அழகாகப் பெயர்ந்து வந்தது. பையில் போட்டு நம்பர் எழுதிக்கொண்டார்.

ஜனவரி 22

சார் இன்று ஊருக்குக் கிளம்பினார். பஸ் வரும் வரை கேட்டுத் தெரிந்துகொண்டேன். புரிந்தவரைக்கும் எழுதுகிறேன்.

தங்கமும் வெள்ளியும் பூமிக்குள் கொதிக்கிற தண்ணீரில் கரைந்து மேலே வருமாம். பாறை வெடிப்பில் வந்து ஆறும்போது வெள்ளைக்கல்லும் அதுவும் சேர்ந்து உறையுமாம். சரி, எந்தத் தண்ணீர்? மழையாய்ப் பெய்து உள்ளே இறங்கியதா, அடியிலிருந்தே வந்ததா, எவ்வளவு சூடு? அதைக் கல்லுக்குள் இருக்கும் ஆக்ஸிஜனை வைத்தே சொல்லிவிடலாமாம். ஆக்ஸிஜனில் கனமானது ஒன்று, லேசானது ஒன்று. பேரும் குணமும் ஒன்றுதான், எடைதான் வேறு. இரண்டும் என்ன அளவில் கலந்திருக்கிறது என்று மெஷினில் போட்டுப் பார்ப்பார்களாம்.

"புரிஞ்சுபோச்சு சார். எங்க அண்ணனும் நானும் மாரி. ஒரே வயிறு. அவரு கனம், நான் லேசு" என்றேன்.

அதற்குச் சிரித்தார். பஸ் ஏறியும் சிரித்தார்.

ஏப்ரல் 29

சார் திரும்ப வந்திருக்கிறார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"தேசப்பன், அந்தத் துண்டுல தங்கம் இருக்குங்க. கொஞ்சம் வெள்ளியும். ரொம்ப ரொம்பக் கொஞ்சம். ஆனா இருக்கு."

அப்புறம் நிறையச் சொன்னார். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒன்றும் பேசக் கூடாது, இன்னும் ஆழத்தில் கல் எடுக்க வேண்டும், ஆக்ஸிஜன் கணக்கு பார்க்க வேண்டும், அதுவரை யாரிடமும் வாய் திறக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ஆங் ஆங் என்று தலையாட்டினேன். காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை.

ஏப்ரல் 30

சோறு இறங்கவில்லை.

மே 4

கௌரியிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அண்ணியிடம் போகும், அண்ணியிடம் போனால் அண்ணனிடம் போகும். அஞ்சு நாளாக வாயைக் கட்டிக்கொண்டு திரிகிறேன். மொட்டை அடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை.

"இன்னாய்யா, வாயில கொழுக்கட்டையா? மூணு மொட்டை போவுது, சும்மா குந்திகினு கீற. ஒடம்பு சுடுதா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள் கௌரி. பொண்டாட்டிக்கு என் பேச்சு தொல்லை. பேசாவிட்டால் ஜுரம்.

மே 22

நைனா திதி முடிந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணன் சொன்னார், "நெலத்த பிரிச்சிக்கலாம்டா. பசங்க காலத்துல பேச்சு வரக் கூடாது."

எங்கள் பக்கம் வழக்கம் ஒன்று. மூத்தவர் பாகம் பிரிப்பார். இளையவன் முதலில் எடுப்பான். மூத்தவர் ஒரு பக்கம் கொழுப்பாகப் பிரித்தால் இளையவன் அதைத் தூக்கிக்கொள்வான் என்பதால் சரிசமமாகத்தான் பிரிப்பார். ஆனால் எங்கள் நிலத்தை எந்த மகராஜனும் சமமாகப் பிரிக்க முடியாது. கிணறு ஒன்றுதான். அண்ணன் கல்லுப் பக்கத்தோடு மாட்டுக்கொட்டாயையும் ரோட்டோர மனையையும் சேர்த்தார். அப்படியும் தராசு கிணற்றுப் பக்கமே சாய்ந்தது. நான் கிணற்றை எடுப்பேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பிரித்தார்.

முந்தாநாள் வரை நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

முந்தாநாள் என்று ஏன் எழுதினேன்? ஏப்ரல் இருபத்தெட்டு வரை.

ஜூன் 3

சார் மேட்டில் மூன்று இடத்தில் ஆழமாக உடைத்து உள்கல் எடுத்தார். எப்போது தெரியும் சார் என்றால், மெஷின் வடக்கே ஒரு ஊரில் இருக்கிறதாம், நம் முறை வர மாதக் கணக்காகுமாம்.

"மெஷினுக்குமா கியூ? ஸ்பெஷல் தரிசன டிக்கெட் ஒண்ணு வாங்கிப் போட்டா சீக்கிரம் வுட மாட்டானா?"

"தேசப்பன், அவசரப்பட்டு எதுவும் பண்ணிடாதீங்க" என்றார்.

நான் என்ன பண்ணப் போகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சும்மா சொன்னார். சும்மாதான்.

ஜூன் 12

எடுத்துவிட்டேன்.

மணவூரிலிருந்து காஞ்சனாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். காஞ்சனா அண்ணன் மகள், முழுகாமல் இருக்கிறாள். பங்காளிகள் எல்லாம் கூடி உட்கார்ந்திருந்தார்கள். பாக்கு வெற்றிலையைத் தட்டில் வைத்து, "சொல்லுடா, உனக்கு எது?" என்றார் அண்ணன்.

"கல்லு பக்கம்."

ஒரு பெரியவர், "தமாஸ் பண்ற நேரமாடா இது?" என்றார். நான் வாழ்க்கை முழுக்கக் கிண்டல் பண்ணியதில் இது ஒரு லாபம், நிஜமாகச் சொன்னாலும் விளையாட்டு என்பார்கள். மறுபடி சொன்னேன். "கெணறு அண்ணனுக்கு. எனக்குக் கல்லு போதும்."

அண்ணன் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "டேய்" என்றார். நைனா செத்தபோது கூட இந்த ஆள் கண் கலங்கி நான் பார்க்கவில்லை. அண்ணி தாயாரம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கௌரி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 14

அண்ணி வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு. நேற்று அடை. அதற்கு முதல் நாள் பாயசம்.

ஜூன் 17

டீக்கடையில் காசு வாங்கவில்லை. "கெணத்த வுட்டுக் குடுத்தவருப்பா. இந்தக் காலத்துல யாரு இப்டி?" என்று கடைக்காரர் பக்கத்தில் இருந்தவருக்கு என்னைக் காட்டினார். அண்ணன் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிற மனுஷன்! டீ கசந்தது. பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 27

ரிஜிஸ்தர் ஆயிற்று. கல்லு மேடு இனி என் ஒருத்தன் பேரில்.

மாலையில் தனியாகப் போய் மேட்டில் உட்கார்ந்தேன். கையை வைத்துப் பார்த்தேன். வெயில் சூடு. உள்ளே என்ன இருக்கிறதோ, சொல்லித் தொலைக்க மாட்டேன் என்கிறது.

ஜூலை 15

லாட்ஜில் போன் மணி அடித்தால் ஓடுகிறேன். முதலாளி கேட்கிறார், உனக்கு யார்டா டிரங்க் கால் போடப் போறாங்க என்று. கட்டிலில் உட்கார முடியவில்லை, நாற்காலியில் உட்கார முடியவில்லை. பெருக்கிய ரூமையே திரும்பப் பெருக்குகிறேன். கௌரி ராத்திரி கேட்டாள், "யாராச்சும் பொம்பள சாவகாசமா?" சிரித்து மழுப்பினேன். அப்படி ஏதாவது இருந்திருந்தால் சொல்வதற்காவது சுலபமாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 1

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வந்து இறங்கிவிட்டது. ரூமெல்லாம் நிறைந்து வராண்டாவில் காவடியும் ஆளும். அண்ணன் புஷ்பக் காவடி எடுக்கிறார். "இன்னாண்ணா திடீர்னு?" என்றால், "உனக்காகத்தாண்டா. உன் பாகம் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கினேன்."

படியேறிப் போனேன். சந்நிதியில் நின்று என்ன கேட்பது? கல்லில் தங்கம் வை சாமி என்றா? அது கல் உறைந்த அன்றைக்கே முடிந்த விஷயம். மனசை மாற்று என்றா? யார் மனசை? ஒன்றும் கேட்காமல் விபூதியை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 21

அண்ணன் வந்தார். இளைத்துப்போயிருக்கிறார். "வாரத்துல ரெண்டு நாளு கெணத்துத் தண்ணி உனக்குடா. கேவுரு பயிர் போடு" என்றார்.

"வேணாண்ணா."

"ஏன்டா?"

"வேணாம்னா வேணாம்."

முகம் தொங்கிப்போயிற்று. நான் ஏன் வாங்கவில்லை? அவரை ஏமாற்றி எடுத்தது ஒன்று, ஏமாந்ததற்கு அவரே கொடுக்கிறது ஒன்று, இரண்டையும் ஒரே ஆள் எப்படி வாங்குவது? அவரோ, இதையும் என் பெருந்தன்மைக் கணக்கில் எழுதிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 11

காஞ்சனாவைப் பிரசவத்துக்கு அழைத்து வந்துவிட்டார்கள். "இன்னாடி, உள்ள ஒண்ணா ரெண்டா? கதவு தாண்டுமா?" என்றேன். "போ சித்தப்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கொஞ்ச நேரம் பழைய தேசப்பனாக இருந்தேன்.

அக்டோபர் 8

எல்லாம் முடிந்தது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

சார் காலையில் வந்தார். லாட்ஜில் பேச வேண்டாம் என்று வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தேன். கௌரி இலை போட்டாள். அவள் எதிரில் சொல்லலாமா என்று சார் பார்த்தார். சொல்லுங்க என்றேன். இன்னும் எத்தனை நாள்தான் வாயில் கொழுக்கட்டை.

"தங்கம் இல்லீங்க தேசப்பன்."

"போன வாட்டி இருக்குதுன்னீங்களே?"

"இப்ப ஆழத்துல எடுத்த மூணு கல்லையும் பார்த்தாச்சு. ஆக்ஸிஜன் கணக்குப்படி இது மழைத்தண்ணியில உறைஞ்ச கல்லு. மழைத்தண்ணி கூட தங்கம் கொண்டு வரும், ஆழத்துக்குப் போய் நல்லாக் கொதிச்சு மேல வந்தா. இங்க அந்தச் சூடே இல்ல. வெதுவெதுன்னு ஊறி, அப்படியே உறைஞ்சிருக்கு. இந்தக் கல்லு தங்கத்தைப் பார்த்ததே கிடையாது."

"அப்ப மொத துண்டு?"

"அதுதான் எனக்கும் தூக்கம் கெடுத்துச்சு. மறுபடி சீவிப் பார்த்தேன். தங்கம் மேல் தோல்ல மட்டும் இருக்கு. கூட வெள்ளி, செம்பு. நகைக்குப் போடுற கலவை மாதிரி. பூமிக்குள்ளேர்ந்து வரல, வெளியிலேர்ந்து வந்திருக்கு. அந்தக் கல்லுல யாராவது ஏதாவது பண்ணுவாங்களா?"

சாம்பார் கரண்டியோடு நின்ற கௌரி சிரித்துவிட்டாள். "அய்ய, அது நாங்க பொன்னு ஒரைக்கிற கல்லுதானுங்க. நம்ம வூட்ல கொழந்த பொறந்தா, ஏழாம் நாளு விடியறதுக்குள்ள பொம்பளைங்க போயி, தாய்ப்பால ரெண்டு சொட்டு வுட்டு, வளையலையோ கம்மலையோ ஒரைச்சு, பாலாடைக் கிண்ணத்துல வழிச்சாந்து கொழந்த நாக்குல தடவுவோம். ஆம்பளைங்க அந்தப் பக்கம் வரக் கூடாது. எங்க மாமியா, அவங்க மாமியா, எல்லாரும் அங்கதான் ஒரைச்சாங்க. கெழக்கால வழுவழுன்னு—"

நின்றுவிட்டாள். கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டியது.

"அந்த எடத்தயா வெட்டிக் குடுத்த?"

நான் இலையைப் பார்த்தேன்.

"எம் மூணு பசங்களுக்கும் அங்கதான்யா ஒரைச்சேன். அதயா? யாரக் கேட்டு?"

சார் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார் பாவம். அவர் மேல் என்ன தப்பு. எங்கேயாவது ஒரு துண்டு போதும் என்றுதான் சொன்னார். நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தது நான். ஏப்ரல் மாசம் கௌரியிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே சிரித்து முடித்திருப்பாள். கிணறு— ஐயோ, கிணறு.

அக்டோபர் 9

கௌரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாகம் எடுத்த அன்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றாளே, அந்தப் பார்வைக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது.

"ஊரே ஒன்ன தர்மபிரபுன்னுது. நானும் நம்பினேன்யா. நாலு மாசம் எம் புருசன்னு தல நிமுந்து தண்ணிக்குப் போனேன்."

"இப்ப இன்னா பண்றது கௌரி?"

"அண்ணன் கையில போயி சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நீ சொல்ற வரைக்கும் என்னாண்ட பேசாத."

நாலாங்கிளாஸ் படித்தவனுக்கு எழுத இவ்வளவுதான் வருகிறது.

அக்டோபர் 12

இன்று சொல்லப் போனேன். அண்ணன் கிணற்று மேட்டில் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், "இவன்தான் எந் தம்பி" என்றார். நலம் விசாரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 14

போனேன். இல்லை. வந்தேன். இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? இல்லை.

அக்டோபர் 17

காஞ்சனாவுக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். கௌரி விடியற்காலையிலிருந்து அங்கேதான்.

அக்டோபர் 22

அண்ணி வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"தம்பி, நாளைக்கி விடியறப்ப நாங்க கல்லாண்ட போவணும். ஒரு வார்த்த கேட்டுக்கினு போலாம்னு."

"என்னையா கேக்கறீங்க?"

"உன் நெலமாச்சே தம்பி. பத்திரம் ஆயிப்போச்சில்ல. கேக்காம எப்டி?"

எத்தனை மாமியார் மருமகள் யாரையும் கேட்காமல் போன இடம். "போங்கண்ணி" என்றேன். உள்ளே பாத்திரத்தைத் தடால் என்று வைத்தாள் கௌரி. அந்தச் சத்தம் எனக்குத்தான்.

அக்டோபர் 23

விடியும் முன்னே பெண்கள் பாலாடையை முந்தானையில் மூடிக்கொண்டு மேட்டுப் பக்கம் போனார்கள். நிலத்துக்காரன் நான் ரோட்டில் நிற்கிறேன். அண்ணனும் அங்கே வந்து நின்றார். இரண்டு பேரும் மதகுக் கட்டையில் உட்கார்ந்தோம். பொதட்டூர்பேட்டை முதல் பஸ் தறித்துணி மூட்டையோடு போயிற்று.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கல்லுசாமி, சம்மட்டி, தங்கம், கௌரியிடம் மறைத்தது, கல்லு பக்கம் என்று சொன்ன அந்த நிமிஷம். கிண்டல் ஒன்று கூட நடுவில் வரவில்லை.

அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"எவ்ளோ தங்கம் இருந்துச்சு?"

"நம்ம பொம்பளைங்க ஒரைச்ச அளவு."

முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார். இருமல் வந்து, தொடையில் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். நாற்பத்தாறு வருஷமாக நான் கிண்டல் பண்ணி வராத சிரிப்பு.

"த்தூ, திருட்டுப் பயலே. நாலு மாசமாத் தூங்கலடா நானு. இவன் எதுக்கு வுட்டான், இத நான் எப்டித் திருப்பித் தரப் போறேன்னு பொரண்டு பொரண்டு படுத்துக்கினு கெடந்தேன். காவடி எடுத்தும் தீரல. தண்ணி குடுத்தா வாங்க மாட்டேன்ற." மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுமே இல்லயா! இன்னிக்கித் தூங்குவேன்டா."

அதற்கப்புறம் தண்ணீர் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

பெண்கள் திரும்பி வந்தார்கள். அண்ணி என்னைப் பார்க்காமல் பாலாடையைப் பொத்திக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். கௌரி பின்னால் வந்தாள். நான் எழுந்து நின்றேன். அண்ணன் ஈரக் கண்ணோடு இருப்பதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பதினாலு நாளுக்கு அப்புறம் பேசினாள்.

"வேற எடம் பார்த்து ஒரைச்சோம். மேலண்டைப் பக்கம். சொரசொரன்னு கீது. பழைய எடத்துல பொன்னு மெல்ல மெல்லத்தான் எறங்கும். இங்க ரெண்டு இழுப்புக்கே வளையல் தேஞ்சு பால் மஞ்சளாப் பூட்ச்சு."

கையை நீட்டிக் காட்டினாள். வளையல் அவளுடையது.